மூன்று முறை பாட வேண்டிய விருத்தம்

போன வாரம் பெரியவளுக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்கத் திண்டுக்கல் கடைவீதிக்குப் போயிருந்தேன். கடையில் அப்போதுதான் காடாத் துணி மூட்டை ஒன்றைப் பிரித்திருந்தார்கள். கஞ்சி வாசனையும் சணல் சாக்கின் வாசனையும் சேர்ந்து வந்ததில், எதற்கு வந்தேன் என்பதே மறந்து நின்றுவிட்டேன். கடைக்காரர் இரண்டு தடவை எத்தனை மீட்டர் என்று கேட்டார். எனக்கு மீட்டர் இன்னும் பிடிபடவில்லை. மனசுக்குள் கெஜத்தில் நினைத்து, அதை மாற்றி, சரியாகத்தான் மாற்றினேனா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் அரை மீட்டர் கூடவே வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி நான். இதைப் படிக்கும்போது நீங்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும்போது பெரியவள் கலா முன்னால் நடந்தாள். சின்னவன் என் இடுப்பில். "எம்மா, என் கால்ல என்னதான் இருக்கு? எப்பப் பாத்தாலும் அதையே பாக்குற" என்றாள். அவள் காலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்கிறேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்றால் கொடைக்கானலில், காசிம் பாயின் துணிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்யாணமான மறு வருடம் என் கணவருக்குக் கொடைக்கானலுக்கு மாற்றலாயிற்று. மின்சார இலாகாவில் வேலை. நாங்கள் இருந்த வீட்டிலிருந்து இறங்கினால் கடைவீதி. காசிம் பாயின் கடை மூன்றாவதோ நான்காவதோ. முன்பக்கம் கம்பளியும் சால்வையும் சீசனுக்கு வருகிறவர்களுக்காகத் தொங்கும். உள்ளே காடாவும் மல்லும் சீட்டித் துணியும் பூண்டு, உருளைக்கிழங்கு விளைவிக்கிற மலைக்காரர்களுக்காக அடுக்கியிருக்கும். பாய்க்கு நாற்பது வயதிருக்கும். கெஜக்கோலில் துணி அளக்கும்போது பாடிக்கொண்டே அளப்பார். பாட்டு நீளமாக இருந்தால் துணியும் நீளமாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதனால் அவருக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்துக் கேட்டுவிட்டுத் துணி வாங்குகிறவர்களும் உண்டு.

அந்த ஊரில் ஒரு நாடக மன்றம் இருந்தது. மின்சார இலாகா, தபாலாபீஸ், பள்ளிக்கூட வாத்தியார்கள், கடைக்காரர்கள் என்று பலரும் சேர்ந்த மன்றம். என் கணவர் செயலாளர். காசிம் பாய்தான் எல்லா நாடகத்திலும் பாடுகிற ஆள். அங்கேதான் மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், தமிழாசிரியர், எப்போதும் கழுத்தில் மப்ளர். நாயக்கர் காலத்துக் கூத்து வகைகளையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். படித்தால் மட்டும் போதாது, ஒன்றையாவது மறுபடி மேடையில் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது பழநியில் ஒரு நொண்டி நாடக ஏட்டைக் கண்டுபிடித்திருந்தார்.

நொண்டி நாடகம் பார்த்தவர்கள் இப்போது அதிகம் இருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். ஒரே ஆள்தான் ஆடுவான். ஒரு காலை முழங்காலில் மடக்கிக் கட்டிக்கொண்டு, ஒற்றைக்காலில் தாளத்துக்குக் குதித்துக் குதித்துத் தன் கதையைத் தானே பாடுவான். திருட்டுத் தொழில் பழகியது, தாசி வீட்டில் எல்லாவற்றையும் தொலைத்தது, கடைசியில் அரண்மனைக் குதிரையைத் திருடப் போய் மாட்டிக்கொண்டு கால் வெட்டுப்பட்டது. பிறகு புத்தி வந்து மலையேறி முருகனிடம் அழுவான். கால் வளரும். அந்த இடத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு காலில் நிற்பான். நாடகம் முடிந்தது.

ஆராய்ச்சியாளர் இதை விளக்கியபோது காசிம் பாய் சிரித்தார். "எங்க ஆளுகளும் இதப் பாடியிருக்காங்க சார். எங்க நொண்டிக்கு மக்காவுல கால் வரும். ஒங்க நொண்டிக்குப் பழநியிலயே வந்துருது. டிக்கெட்டுச் செலவு மிச்சம்." அந்தப் பேச்சிலேயே அவர்தான் நொண்டி என்று முடிவாகிவிட்டது.

ஏடு தெய்வானையக்காவுடையது. பழநி அடிவாரத்தில் எங்கள் பிறந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. மலைக்கோயிலில் விளக்கேற்றும் பரிசாரகம் பார்த்த குடும்பம். அவருடைய மாமனார்தான் கடைசியாக நொண்டி ஆடியவர், அவர் போய் வெகுகாலமாகிவிட்டது. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம், பிள்ளைகள் இல்லை, படிக்கத் தெரியாது. ஏட்டை மதுரைக்குக் கொடுத்தனுப்ப மறுத்துவிட்டார். "கண்ணுக்குத் தெரிஞ்ச பிள்ள வீட்டுல கெடந்தா சரி" என்றார். கண்ணுக்குத் தெரிந்த பிள்ளை நான். வித்துவான் படிப்பில் ஒரு வருடம் படித்திருந்தேன், ஏடு கொஞ்சம் வாசிப்பேன், கையெழுத்தும் மோசமில்லை. ஆக, ஏட்டைப் பார்த்து நோட்டில் எழுதுகிற சோலி என் தலையில் விழுந்தது. இன்னொரு நிபந்தனையும் போட்டார் அக்கா. "ஆட ஆரம்பிச்சா கால் வார வரைக்கும் ஆடிரணும். நடுவுல நின்னா ஆடுனவனுக்கு ஆகாது."

நான் படித்தவள். இந்த மாதிரி வார்த்தைகளுக்கெல்லாம் பயப்பட மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனால் அப்போது கலாவுக்கு ஒன்றரை வயது. இன்னும் நடக்கவில்லை.

பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் ஓடியது. "இன்னுமா நடக்கல?" என்று கேட்காத ஆளே இல்லை. மாமியார் கடிதத்தில் கேட்பார். பால்காரர் கேட்பார். காலையில் வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு மணி நேரத்துக்குள் எண்ணெய் தேய்த்து அவளை வாசலில் படுக்கவைத்துக் காலை நீவிவிடுவேன். மேலிருந்து கீழே நீவ வேண்டுமா, கீழிருந்து மேலேயா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். இரண்டு விதமாகவும் நீவினேன். பிறகு இரண்டும் சேர்ந்து கெடுதல் செய்யுமோ என்று கவலைப்பட்டேன்.

அவள் தூங்குகிற நேரத்தில்தான் ஏடு. ஓலையில் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்துக் கறுப்பாக எழும்பி வரும். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசினால் ஓலை வளைந்து கொடுக்கும். அந்த எண்ணெய் வாசனையும் பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனையும் கலந்து என் விரல்களிலேயே கிடந்தன. சமைத்த ரசத்தில்கூட ஓலை வாசனை வருகிறது என்று என் கணவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

திருட்டுக் கதை முடிகிற இடத்தில் ஒரு விருத்தம் வந்தது.

சற்றே பொறுத்தருளும் சண்முகனே நான்செய்த
குற்றம் பெரிதென்று கோபித்தால் எங்கேபோய்
நிற்பேன் நிலமறியேன்...

இப்படி நாலு வரி. சுமாரான விருத்தம். எழுதிக்கொண்டேன். பத்து ஓலை தள்ளி, தாசி வீட்டுக் கதை முடிகிற இடத்தில் அதே விருத்தம் மறுபடி வந்தது. ஓர் எழுத்து மாற்றமில்லை. இன்னும் எட்டு ஓலை தள்ளி, கால் வெட்டுப்பட்ட பிறகு மூன்றாவது தடவை. ஏடு எழுதினவர் தூக்கக் கலக்கத்தில் எழுதியதையே திரும்ப எழுதுவது உண்டு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்தேன். முதல் இடத்தில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டேன். ஓரத்தில் ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அன்றைக்குக் கலாவுக்குக் காய்ச்சலும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்துக்குள் முடித்தால் போதும் என்று இருந்தது எனக்கு. புலமையினால் விட்டேனா, களைப்பினால் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆராய்ச்சியாளரிடம் நோட்டைக் கொடுத்தபோது, ஏட்டில் திரும்ப வந்ததை நீக்கியிருக்கிறேன் என்று சொன்னேன். நல்ல பதிப்புணர்ச்சி என்றார். இரண்டு நாள் அந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒத்திகை காசிம் பாய் கடையின் பின்கட்டில் நடந்தது. தினமும் ஒரு பகுதி. பாய் காலை மடக்கி, கையால் பிடித்துக்கொண்டு, துணி மூட்டைகளுக்கு நடுவே குதிப்பார். அவர் மனைவி ரஹ்மத் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு காலு இருக்கும்போதே கட வாடகைக்கு ஓட முடியல. இதுல ஒத்தக் காலு" என்பார். முழு நாடகத்தையும் ஒரே மூச்சில், காலைக் கட்டிக்கொண்டு, ஒரு நாள்கூட ஆடிப் பார்க்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. ஏட்டில் எழுதியிருப்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது, நோட்டில் இருப்பதெல்லாம் பாய்க்கு மனப்பாடம், இனி என்ன என்று இருந்தோம்.

மார்கழிக் கடைசியில் நாடகம் போட்டோம். இருட்டினால் குளிரில் கூட்டம் நிற்காது என்று மாலை நாலு மணிக்கே தொடக்கம். தகரக் கூரை போட்ட கொட்டகை. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. தெய்வானையக்கா காலையிலேயே பழநியிலிருந்து பஸ் ஏறி, பெருமாள்மலையில் இறங்கி வாந்தி எடுத்து, மறுபடி ஏறி வந்திருந்தார். கம்பளி கொடுத்தேன், போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதைக் கீழே வைக்கவே இல்லை.

காலைப் பழைய முறைப்படியே கட்ட வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் உறுதியாக இருந்தார். காடாத் துணியைக் கிழித்து, பாதத்தைப் பின்தொடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். பாய் பிரமாதமாக ஆடினார். சின்னச் சின்னப் பொய், அசட்டுத் திமிர், மாட்டிக்கொள்ளும்போது ஒரு முழி. சனம் சிரித்து உருண்டது. திருட்டுக் கதை முடிந்து விருத்தம் வந்தது. உடனே தெய்வானையக்கா பையோடு எழுந்து மேடைப் பக்கம் நாலு எட்டு வைத்தார். பாய் விருத்தத்தை வழக்கமான வேகத்தில் பாடிவிட்டு அடுத்த சிந்துக்குப் போய்விட்டார். அக்கா நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பின்பக்கம் போக வேண்டியிருக்கிறது, வழி தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கத்தான் வாயெடுத்தேன், அதற்குள் கலா அழுதாள்.

இரண்டரை மணி நேரம். கடைசிப் பகுதியில் பாயின் முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. உருக்கமாக ஆடுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். முருகன் அருள் செய்கிற இடம் வந்தது. மேளம் ஏறியது. பாய் திரும்பி நின்று முடிச்சை அவிழ்த்தார், காலை நீட்டினார், சனத்தைப் பார்த்துத் திரும்பினார், ஊன்றினார். பாதம் துணி மாதிரி மடங்கியது. மிருதங்கக்காரர் மேல் போய் விழுந்தார்.

பாய் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்று சொன்னார்: "முருகன் காலக் குடுத்துட்டான் சாமி. பெருமாள்மல தாண்டி பஸ்சு வந்துக்கிட்டிருக்கு. வந்ததும் ஊனிக் காட்டுறேன்." கொட்டகை சிரித்தது. அப்படியே மங்களமும் பாடி முடித்தார். நாடகம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

தெய்வானையக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அந்தப் பாட்ட ஏன் ஒரு வாட்டியோட விட்டுட்டாக?" என்று கேட்டார்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு வாட்டி வரும்லத்தா. அப்பத்தான தெர புடிப்பாக. பின்பாட்டுக்காரரு அதையே இழுத்து இழுத்துப் பாட, உள்ள கட்ட அவுத்து எண்ண போட்டுத் தேச்சுவிட்டுத் திரும்பக் கட்டுவாக. கல்யாணமாகி வந்த புதுசுல எண்ணக் கிண்ணம் புடிக்கிறது நாந்தான். மாமா காலு கன்னிப்போயிருக்கும்." மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பழைய மருந்துப் பாட்டிலில் விளக்கெண்ணெய், காய்ச்சி ஊற்றிக் கொண்டுவந்தது. "ரெண்டாவது வாட்டி வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். படிச்சவுக பண்றாக, புதுசா ஏதாச்சும் வழி வச்சிருப்பாகன்னு இருந்துட்டேன்."

ஆக, இரண்டரை மணி நேரமும் அந்த எண்ணெய்ப் பாட்டில் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாளும் பாயின் பாதம் தூக்க வரவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா குண்டூசியால் குத்திப் பார்த்தார், பாய்க்குத் தெரியவில்லை. முடிச்சு முழங்கால் பக்கத்து நரம்பை அழுத்தியிருக்கிறது, இந்தக் குளிர் வேறு என்றார். இரண்டு மூன்று மாதத்தில் வரலாம் என்றார். வரலாம் என்று சொன்னாரே தவிர, வரும் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்தே நான் பல நாள் சாப்பிடவில்லை. கடையில் ஏணி ஏற வேண்டும், துணிக் கட்டுகளை இறக்க வேண்டும், செண்பகனூர்ப் பக்கம் வீடு வீடாகக் கம்பளி கொண்டுபோக வேண்டும். கால் இல்லாமல் அந்தக் கடை நடக்காது.

தினமும் மத்தியானம் கலாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். தெய்வானையக்கா விட்டுவிட்டுப் போன எண்ணெயை ரஹ்மத் அக்கா சூடு பண்ணிப் பாயின் காலில் தேய்ப்பார். அதே எண்ணெயில் கொஞ்சம் எடுத்து நான் கலாவின் காலில் தேய்ப்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"பாய், அந்த விருத்தம் ஏட்டுல மூணு எடத்துல இருந்துச்சு. நாந்தான் ரெண்ட விட்டுட்டேன்."

அவர் துண்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "எதுக்கு விட்டீங்க தங்கச்சி?"

"ஒரே பாட்டுத்தானேன்னு. பிள்ளைக்கு வேற காய்ச்சல். வெரசா முடிக்கணும்னும் இருந்துச்சு."

"ரெண்டுல எது?"

"தெரியல பாய்."

இன்னொரு துண்டை மடித்து அடுக்கில் வைத்தார். பிறகு, "பாட்டு ஒண்ணும் பெரிய பாட்டு இல்ல. நானா இருந்தாலும் விட்டிருப்பேன்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரஹ்மத்துகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கு எனக்குத் தேநீர் வரவில்லை. மறுநாள் வந்தது.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, கலா காடா மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டாள். நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு. ஆனால் இடது காலை இழுத்து, பாதத்தைத் தரையில் படீரென்று போட்டு நடந்தாள். காசிம் பாய் எப்படி நடக்கிறாரோ அச்சாக அப்படி.

எனக்கு அப்போது தோன்றியதையெல்லாம் எழுத முடியாது. நடுவுல நின்னா ஆகாது என்று அக்கா சொன்னது ஒன்று. இரண்டு இடத்தில் நான் விட்டது ஒன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா அவளை மேஜையில் நிறுத்தி, முட்டியைத் தட்டிப் பார்த்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்து, இவள் யாரைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். காலில் ஒன்றுமில்லை, ஒழுங்காக நடக்கிறவர்களைக் கொஞ்ச நாள் பார்க்கட்டும் என்றார்.

நான் அழுதுகொண்டே கடைக்குத் திரும்பி வந்து சொன்னேன். பாய் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கலா கடையில் இருக்கிற நேரமெல்லாம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். மல் வேண்டுமென்றால் வாங்க வந்தவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். "இந்தப் பிள்ள முன்னால நான் நடக்க மாட்டேன். நீங்களே எடுத்துக்கங்க, மூணாவது தட்டு" என்பார். மலைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். வீட்டில் நானும் என் கணவரும் அவள் முன்னால் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நடந்தோம். பத்துப் பதினைந்து நாளில் அவள் நேராக நடந்தாள். பாய்க்குப் பங்குனி வரை ஆயிற்று. முதலில் கட்டை விரல் மட்டும் அசைந்தது. அதைக் காட்ட எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பினார்.

வைகாசியில் பழநியில் மறுபடி ஆடினோம். பாய்தான் பிடிவாதமாக இருந்தார். விழுந்த நொண்டி என்ற பெயரோடு கடை நடத்த முடியாது என்றார். ரஹ்மத் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார், கட்டுவதும் அவிழ்ப்பதும் தான்தான். திரையின் ஒரு முனையை என் கணவர் பிடித்தார், இன்னொரு முனையை நான். விருத்தம் வந்ததும் திரையை உயர்த்தினோம். பின்பாட்டுக்காரர் சற்றே என்ற ஒரு சொல்லையே கால் மணி நேரம் இழுத்தார். சனம் அதற்குள் வெற்றிலை போட்டது, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வந்தது. அந்த நாடகம் பார்க்கிறவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டித்தான் இருந்திருக்கிறது. திரைக்குள்ளே ரஹ்மத் அக்கா முடிச்சை அவிழ்க்க, தெய்வானையக்கா எண்ணெய் ஊற்றித் தேய்த்தார். முதல் தடவை பாய் வேடிக்கை பேசினார். இரண்டாவது தடவை பேசவில்லை. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு சுத்துப் பாடச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். சொன்னேன். பின்பாட்டுக்காரர் பாடினார்.

கடைசியில் பாய் முடிச்சை அவிழ்த்துக் காலை ஊன்றினார். நின்றார். இரண்டு எட்டு முன்னால் வந்து கும்பிட்டார். பெண்கள் பக்கம் சிலர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நான் திரைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது அந்த மன்றம் இல்லை. எங்களுக்கு மாற்றலாகித் திண்டுக்கல் வந்தோம். தபாலாபீஸ்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். காசிம் பாய் கடையைக் கொடுத்துவிட்டு, மகள் இருக்கிற பெரியகுளத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது ஸ்வெட்டர் விற்கிறார்களாம். கெஜக்கோல் கிடையாது, பாட்டும் கிடையாது.

போன வருடம் நாடகம் புத்தகமாக அச்சில் வந்தது. ஆராய்ச்சியாளர் எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார், முன்னுரையில் என் உதவியைக் குறிப்பிட்டிருந்தார். முதலில் விருத்தம் வரும் பக்கங்களைப் புரட்டினேன். விருத்தம் ஒரே இடத்தில் இருந்தது. அடிக்குறிப்பில், ஏட்டில் இது காரணமின்றி மும்முறை வருவதால் எழுதினவர் பிழையெனக் கொண்டு நீக்கப்பட்டது என்று இருந்தது. நான் அன்றைக்கு அவரிடம் சொன்னதன் நல்ல தமிழ் அது. பழநியில் ஆடிய அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. விருத்தம் ஏன் மூன்று இடத்திலும் வேண்டும் என்று அவருக்கு அப்போதே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்காவது பதில் வந்ததா என்று இப்போது நினைவில்லை. இடங்களைக் குறித்து நோட்டைத் திரும்ப எழுதியே அனுப்பியிருக்க வேண்டும். சின்னவன் வயிற்றில் இருந்தான். மறுபடியும் அதேதான்.

ஏடு இருக்கிறதே, அதைக் காட்டி அடுத்த பதிப்பிலாவது திருத்தலாம் என்று ஆவணியில் பழநிக்குப் போனேன். தெய்வானையக்கா மோர் கொடுத்தார். புத்தகத்தை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். "அச்சுல வந்த பெறகு ஏடு என்னத்துக்குத்தா சும்மா கெடக்கு? ஆடிப் பதினெட்டுக்கு வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சு, பூவு வச்சு, சண்முகநதியில விட்டுட்டேன். ஆத்துல நல்ல தண்ணி. அழகாப் போச்சு." செய்ய வேண்டியதைச் செய்து முடித்த திருப்தி அவர் முகத்தில். மோரைக் குடித்தேன்.

ஆகவே ஏட்டில் இருந்தது இனி எங்கும் இல்லை. என் பிரதியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அது ஒரே ஒரு பிரதி. எங்காவது யாராவது அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆட நினைத்தால், தயவுசெய்து இதைக் கேளுங்கள். விருத்தம் மூன்று இடத்தில் வரும். திருட்டுக் கதை முடிந்ததும் ஒன்று. தாசி வீட்டிலிருந்து வெளியே வந்ததும் ஒன்று. கால் வெட்டுப்பட்டு, மலையேறத் தொடங்குவதற்கு முன் ஒன்று. மூன்று இடத்திலும் திரை பிடிக்க வேண்டும், கட்டை அவிழ்க்க வேண்டும், சூடான விளக்கெண்ணெய் வேண்டும். அவசரப்படாமல் பாட வேண்டும். பாய்க்கு மூன்றாவது இடத்தில்தான் அதிகம் வலித்தது. அங்கே இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாகப் பாடுங்கள்.